ஜிஐ பில்லின் 36 மாதங்கள்: படையை விட்டுக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு

டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், ஒரு கல்லூரியின் முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சான்றளிப்பு அலுவலர் என்பது என் பதவி. ஒரு மாணவர் எந்தெந்தப் பாடங்களில் சேர்ந்திருக்கிறார், அவை அவருடைய பட்டத்துக்கு உரியவையா, கட்டணம் எவ்வளவு என்று சரிபார்த்து, விஏ என்று எல்லோரும் அழைக்கும் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு அனுப்ப வேண்டும். படையில் பணியாற்றியவர்களின் படிப்புக்கு அமெரிக்க அரசு தரும் உதவியான ஜிஐ பில்லில், நான் அனுப்பாமல் ஒரு டாலரும் நகராது. அதனால் என் மேசைக்கு எதிரே உட்காருகிறவர்கள் எல்லோரும் மரியாதையாகவே பேசுகிறார்கள், முன்னாள் சார்ஜென்ட்கள் உட்பட.

நானும் படையில் இருந்தவள்தான். மாணவர் விசாவில் முதுநிலைப் படிப்புக்கு வந்தவள். அமெரிக்க ராணுவம் 2009இல் மேவ்னி என்றொரு திட்டம் தொடங்கி, கிரீன் கார்டு இல்லாதவர்களையும் குறிப்பிட்ட மொழிகள் தெரிந்திருந்தால் எடுத்துக்கொண்டது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த ஒருத்தி ராணுவ மருத்துவ உதவியாளராக ஆன கதை அதுதான். 2016க்குப் பிறகு அந்த வழியில் புதிதாக ஆள் எடுக்கவில்லை; இன்று சேர விரும்புகிறவருக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் இப்போது சேர்கிறார்கள். "படிப்பு வராதவன்தான் பட்டாளத்துக்குப் போவான்" என்று பெற்றோர் தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஜிஐ பில்லைப் பற்றிப் பலர் மனத்தில் இருப்பது "அரசாங்கம் இலவசமாகப் படிக்க வைக்கும்" என்ற ஒரே வரி. அந்த எண்ணத்தோடு வருகிறவர்களே அதிகம் இழக்கிறார்கள். அரசு உங்களுக்குத் தருவது 36 மாதங்கள். ஒன்பது மாதக் கல்வியாண்டாகக் கணக்கிட்டால் நான்கு ஆண்டுகள். முழுநேரம் படிக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதம் கழிகிறது. அந்த மாதத்தில் கல்லூரிக்குப் போன கட்டணம் ஆயிரம் டாலரா பதினைந்தாயிரமா என்று யாரும் பார்ப்பதில்லை. கழிவது ஒரே ஒரு மாதம்தான். இது மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற முடிவுகளில் பாதி தானாக வந்துவிடும்: மலிவான படிப்பை வேறு பணத்தில் முடியுங்கள், விலை உயர்ந்த படிப்புக்கு மாதங்களைச் செலவழியுங்கள்.

சீருடையில் இருக்கும்போதே

முதல் ஜிஐ பில் 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது. இப்போது பெரும்பாலோர் பயன்படுத்துவது 2009 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் 9/11க்குப் பிந்தைய ஜிஐ பில். அலுவலகப் பேச்சில் சாப்டர் 33. 2001 செப்டம்பர் 10க்குப் பிறகு மொத்தம் 36 மாதங்களாவது முழுநேரப் பணியில் இருந்தவருக்கு உதவி நூறு சதவீதம். குறைந்தால் படிப்படியாக 90, 80, 70, 60 என்று இறங்கும். 90 நாள் முடித்தவருக்கு 50. ஊனமடைந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கும் போரில் காயமடைந்ததற்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றவர்களுக்கும் சலுகையான விதிகள் உண்டு. பகுதிநேரப் படைகளான நேஷனல் கார்டிலும் ரிசர்விலும் இருப்பவர்கள் மாதாந்திரப் பயிற்சி நாள்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்ட காலம்தான் எண்ணப்படும்.

முன்பெல்லாம் சேர்ந்த புதிதில், தூக்கமில்லாத ஒரு பொழுதில், மாண்ட்கோமரி ஜிஐ பில் தாளை நீட்டுவார்கள். மாதம் 100 டாலர் வீதம் ஓராண்டுக்கு 1,200 டாலர் சம்பளத்தில் பிடிப்பார்கள். அது பழைய திட்டம், சாப்டர் 30. பெரும்பாலோருக்கு 33தான் லாபம். ஆனால் நீண்ட காலம் பணியாற்றி இரண்டுக்கும் தனித்தனியாகத் தகுதி பெற்றவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் ருடிசில் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இரண்டையும் சேர்த்து 48 மாதங்கள் வரை பயன்படுத்தலாம். மீண்டும் படையில் சேர்ந்து பணியாற்றியவர்கள் பழைய கோப்பைத் தூசி தட்டிப் பாருங்கள்.

பணியில் இருக்கும்போது டியூஷன் அசிஸ்டன்ஸ் என்ற தனி உதவி உண்டு; பாடங்களை அளக்கும் அலகான கிரெடிட் ஒன்றுக்கு 250 டாலர் வரை தருவார்கள். உங்கள் 36 மாதங்களில் ஒரு நாள்கூடக் குறையாது. சமுதாயக் கல்லூரிப் பாடங்களுக்கு இது பெரும்பாலும் போதும். ஆங்கிலக் கட்டுரை, அமெரிக்க வரலாறு, கல்லூரி இயற்கணிதம் போன்ற பொதுப் பாடங்களை மாலை நேரத்தில் இப்படி முடித்துவிட்டு வெளியே வந்தவர்கள், மிச்சமான மாதங்களை முதுநிலைப் படிப்புக்கு வைத்துக்கொள்கிறார்கள். முடித்த பயிற்சிகளையெல்லாம் கல்லூரி மொழியில் சொல்லும் ஜேஎஸ்டி என்ற மதிப்பெண் பட்டியலும் இலவசமாகக் கிடைக்கும். எந்தப் பயிற்சிக்கு எத்தனை கிரெடிட் என்று அதில் பரிந்துரை இருக்கும். ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் விருப்பம். செவிலியர் படிப்பில் என் மருத்துவப் பயிற்சியைக் கொஞ்சம் ஏற்றுக்கொண்டார்கள். பொறியியல் துறைகள் பொதுவாகக் கையை விரித்துவிடும்.

இனி வருவது இந்தக் கட்டுரையிலேயே காலக்கெடு உள்ள விஷயம். பயன்படுத்தாத மாதங்களை மனைவி அல்லது கணவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் ஆறு ஆண்டுகள் முடித்து, மேலும் நான்கு ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டு, பணியில் இருக்கும்போதே படையினருக்கான மில்கனெக்ட் இணையதளத்தில் அதைச் செய்தாக வேண்டும். ஓய்வு பெற்ற மறுநாள் வந்து "என் மகளுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றால் என்னாலும் முடியாது, விஏவாலும் முடியாது. இருபது ஆண்டுகள் உழைத்தவரிடம் இதைச் சொல்லும் வேலையைப் போல் கசப்பானது எனக்கு வேறில்லை. ஆகவே எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யாவிட்டாலும், குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மாதமாவது போட்டு வையுங்கள். பெயர் ஏறிவிட்டால் எண்ணிக்கையைப் பிறகு கூட்டலாம், குறைக்கலாம்; விடுபட்ட பெயரை வெளியே வந்தபின் சேர்க்க முடியாது. பிள்ளைகள் 26 வயதுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஊரில் இருக்கும் தம்பிக்கும் அக்கா மகனுக்கும் இதில் வழியில்லை. கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

தாள்கள், பெயர்கள்

வெளியேறும்போது கையில் கிடைக்கும் பணி விடுவிப்புச் சான்றான டிடி-214தான் எல்லாவற்றுக்கும் சாவி. அதன் நான்காம் பிரதியை வாங்குங்கள். பணியின் தன்மை 24ஆம் கட்டத்தில் இருக்கும். ஜிஐ பில்லுக்கு அங்கே 'ஹானரபிள்' என்று இருந்தாக வேண்டும். அதற்கு ஒரு படி கீழான 'ஜெனரல்' என்று இருந்தால் மருத்துவம் போன்ற பல நலன்கள் கிடைக்கலாம், கல்வி உதவி கிடைக்காது. அந்தத் தகுதியைத் திருத்தக் கோரி மனுச் செய்யலாம், ஆனால் அது நீண்ட பாதை.

அடுத்து விஏ தளத்தில் 22-1990 என்ற படிவம். மாற்றிக் கொடுக்கப்பட்ட மாதங்களைப் பயன்படுத்தும் பிள்ளை நிரப்ப வேண்டியது 22-1990இ. சில வாரங்களில் தகுதிச் சான்றிதழ் வரும்: எத்தனை சதவீதம், எத்தனை மாதம், எத்தனை நாள் என்று அதில் இருக்கும். அதைக் கல்லூரியில் கொடுங்கள். சான்றிதழ் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கல்லூரிச் சேர்க்கையும் படிவமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

தமிழர்களுக்கென்று தனியாக ஒரு தலைவலி உண்டு. நம் பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்து, விசாவில் முதல் பெயருக்குப் பதில் எஃப்என்யூ ('முதல் பெயர் தெரியவில்லை') என்று அச்சாகி, ராணுவத்தில் அப்பா பெயர் நெஞ்சுப் பட்டையில் ஏறி, கல்லூரி விண்ணப்பத்தில் இனிஷியலோடு எழுதிய ஒருவரை எந்தக் கணினியும் ஒரே ஆளாகப் பார்க்காது. டிடி-214, சமூகப் பாதுகாப்பு அட்டை, வங்கிக் கணக்கு, கல்லூரிப் பதிவு நான்கிலும் ஒரே எழுத்தில் ஒரே வரிசையில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விஏவுக்கு எழுதிக் கேட்பதெல்லாம் அப்புறம்.

இந்தியாவில் வாங்கிய பட்டத்தை மறைக்காதீர்கள். ஏற்கெனவே பட்டம் இருப்பதால் ஜிஐ பில் மறுக்கப்படாது. இரண்டாவது பட்டத்துக்கும் தருவார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் பொறியியல் படித்தவர்கள், கையில் முதுநிலைப் பட்டம் வைத்திருந்தவர்கள்கூட இருந்தார்கள். ஆனால் முன்பு படித்த எல்லாவற்றின் மதிப்பெண் பட்டியலையும் கல்லூரி வாங்கி மதிப்பிட்டாக வேண்டும் என்பது விதி. அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்தோ மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்தோ பட்டியலை வரவழைத்து, மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, அறிக்கை வாங்க மாதக்கணக்கில் ஆகலாம். கல்லூரி தேடத் தொடங்கும் அன்றே இதையும் தொடங்குங்கள்.

எந்தக் கல்லூரி

அரசுக் கல்லூரியில் நூறு சதவீதக்காரருக்கு, அந்த மாநிலத்தவருக்கான கட்டணம் முழுவதையும் விஏ நேராகக் கல்லூரிக்குக் கட்டிவிடும், உச்சவரம்பு இல்லை. வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும் இந்தத் திட்டத்தில் படிப்பவரிடம் உள்ளூர்க் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று அரசுக் கல்லூரிகளுக்குச் சட்டம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கும் சட்டக் கல்லூரிக்கும் இதே விதிதான். ஒரு மாதத்துக்கு அதிக மதிப்பு கிடைக்கும் இடம் அது என்பது என் கருத்து. தனியார் கல்லூரி என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 ஆயிரம் டாலர்தான் வரம்பு. மிச்சத்துக்கு எல்லோ ரிப்பன் என்ற ஏற்பாடு உண்டு: கல்லூரி ஒரு பங்கு போட்டால் விஏ அதே அளவு போடும். அதற்கு நூறு சதவீதத் தகுதி வேண்டும், பல கல்லூரிகளில் இடங்களும் குறைவு. "எல்லோ ரிப்பன் கல்லூரி" என்று விளம்பரப் பலகை பார்த்து மயங்காமல், உங்கள் படிப்புக்கு எத்தனை பேருக்கு, ஆளுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

விஏயின் ஜிஐ பில் ஒப்பீட்டுக் கருவியில் கல்லூரிப் பெயரைப் போட்டால் கட்டணம், வீட்டுப்படி, எச்சரிக்கைக் கொடிகள் எல்லாம் வரும். வெளிநாட்டுக் கல்லூரிகளும் அதில் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற இடத்தில், பட்டப் படிப்பாக இருந்தால் நாட்டுக்கு வெளியேயும் படிக்கலாம். ஊருக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவர்கள் இந்தியா என்று தேடிப் பாருங்கள்.

லாபத்துக்காக நடத்தப்படும் கல்லூரிகளைப் பற்றி என் அலுவலகத்தில் நடுநிலையாகப் பேச வேண்டும். இங்கே வேண்டாம். அவர்கள் முன்னாள் வீரர்களைத் துரத்தியதற்கு ஒரு கணக்கு இருந்தது. வருமானத்தில் பத்து சதவீதமாவது மத்திய மாணவர் உதவிக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது விதி. ஜிஐ பில் பணம் அந்த 'வெளிப் பணமாக' எண்ணப்பட்டது. ஆக, சீருடை அணிந்தவர் ஒருவர் கிடைத்தால், கடன் வாங்கிப் படிக்கும் ஒன்பது பேரை அவருக்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். 2021இல் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. அதற்குள் அந்த வகைக் கல்லூரியான ஐடிடி டெக் 2016 செப்டம்பரில் ஒரே நாளில் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் பாதிப் படிப்போடு தெருவில் நின்றார்கள். மூடிய கல்லூரியில் போன மாதங்களைத் திருப்பித் தர 2017இல்தான் சட்டம் வந்தது. தொலைபேசியில் தினமும் அழைத்து "உங்கள் சேவைக்கு நன்றி" என்று தொடங்கும் கல்லூரி எதுவானாலும், நன்றியை ஏற்றுக்கொண்டு போனை வைத்துவிடுங்கள்.

மாதாமாதம்

வீட்டுப்படிதான் பலருக்கு உயிர்நாடி. கல்லூரி இருக்கும் இடத்தில், குடும்பத்தோடு இருக்கும் இ-5 நிலை சார்ஜென்டுக்கு ராணுவம் தரும் வாடகைப் படிக்குச் சமம் அது. நீங்கள் வசிக்கும் ஊரை வைத்து அல்ல, வகுப்பில் உட்காரும் இடத்தை வைத்து. மன்ஹாட்டனில் மாதம் 4,000 டாலருக்கு மேல் வரும். சான் அன்டோனியோவில் ஏறத்தாழ அதில் பாதி. எல்லாப் பாடங்களையும் இணையவழியில் படித்தால் தேசிய சராசரியில் பாதிதான் கிடைக்கும். ஒரே ஒரு பாடத்தையாவது நேரில் போய்ப் படித்தால் முழு விகிதத்துக்கு உரிமை வந்துவிடும். இந்த ஒரு பாடத்துக்காகவே எங்கள் கல்லூரியில் காலை எட்டு மணிப் பேச்சுக்கலை வகுப்பு நிரம்பி வழிகிறது.

பாடச்சுமை பாதிக்கு மேல் இருக்க வேண்டும். வழக்கமான செமஸ்டரில் 12 கிரெடிட் முழுநேரம் என்றால், 6 கிரெடிட் எடுப்பவருக்கு வீட்டுப்படி பூஜ்யம். 7 எடுப்பவருக்கு 60 சதவீதம். ஒரு கிரெடிட் ஆய்வக வகுப்பு எவ்வளவு மதிப்புள்ளது பாருங்கள். எட்டு வாரப் பாடங்களுக்குக் கணக்கே வேறு, அங்கே 6 கிரெடிட் முழுநேரமாகிவிடும். புத்தகப் படி கிரெடிட்டுக்கு 41 டாலர் 67 சென்ட், ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மிகாது.

படி முன்கூட்டி வராது. மாதம் முடிந்த பின் அடுத்த மாதத் தொடக்கத்தில் வரும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வகுப்பு தொடங்கினால் அந்த மாதத்துக்குச் சில நாள் தொகை மட்டுமே. டிசம்பர் விடுமுறை நாள்களுக்கு ஒன்றுமில்லை. முதல் செமஸ்டரில் தாமதமும் சேர்ந்துகொள்ளும். இரண்டு மூன்று மாத வாடகையைச் சேமித்து வைக்காமல் படையை விட்டு வெளியே வராதீர்கள். மாதக் கடைசியில் "இன்னும் படிக்கிறீர்களா" என்று கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். ஆம் என்று பதில் போடுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து பதில் இல்லையென்றால் படியை நிறுத்திவிடுவார்கள்.

உங்கள் பட்டத் திட்டத்தில் இல்லாத பாடத்தை நான் சான்றளிக்க மாட்டேன். கிதார் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் சொந்தப் பணத்தில் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு விலக்கு உண்டு: பட்டம் முடியும் கடைசிச் செமஸ்டரில் தேவையான பாடங்கள் குறைவாக இருந்தால், முழுநேரமாக்க வேறு பாடம் சேர்க்கலாம். கிதார் அப்போது சரி.

செமஸ்டர் நடுவில் பாடத்தை விடுவதற்கு முன் என்னைப் போன்ற ஒருவரிடம் வாருங்கள். விட்ட நாளிலிருந்து அல்ல, சில நேரம் செமஸ்டரின் முதல் நாளிலிருந்தே பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். நோய், குடும்பத்தில் மரணம், படையின் திடீர் அழைப்பு போன்ற காரணங்களை ஆவணத்தோடு காட்டினால் ஏற்பார்கள். முதல் முறை விடும்போது ஆறு கிரெடிட் வரை காரணம் கேட்காமலே விட்டுவிடுவார்கள். அது வாழ்நாளில் ஒருமுறைதான். பாடத்தில் தோற்றாலும் கடைசிவரை வகுப்புக்குப் போயிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. வகுப்புக்குப் போகாமல் தோற்றால் கேட்பார்கள். அதனால் ஆசிரியர் எழுதும் கடைசி வருகைத் தேதிக்கு மதிப்பெண்ணைவிட மதிப்பு அதிகம்.

மத்திய மாணவர் உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தையும் போடுங்கள். முன்னாள் வீரருக்குப் பெற்றோர் வருமானம் பார்ப்பதில்லை, ஜிஐ பில் வருமானமாக எண்ணப்படுவதில்லை, அதற்கு வரியும் இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்கான பெல் உதவித்தொகை கிடைத்தால் அது உங்கள் கையில் நிற்கும் பணம். மாநிலச் சலுகைகளையும் விசாரியுங்கள். டெக்சஸிலிருந்து படையில் சேர்ந்தவர்களுக்கு ஹேசல்வுட் சட்டப்படி இங்குள்ள அரசுக் கல்லூரிகளில் 150 கிரெடிட் மணி வரை கட்டண விலக்கு உண்டு. ஜிஐ பில் தீர்ந்த பிறகு கைகொடுப்பது அது. மிச்சத்தைப் பிள்ளைக்கும் தரலாம்.

முழங்காலோ முதுகோ காதோ பணியில் கெட்டு, விஏ ஊனச் சதவீதம் கொடுத்திருந்தால் ஜிஐ பில்லைத் தொடுவதற்கு முன், ஊனமடைந்தவர்களை வேலைக்குத் தயார்படுத்தும் விஏ திட்டமான சாப்டர் 31க்கு விண்ணப்பியுங்கள். வேலைவாய்ப்புக்கு அந்தக் குறை தடையாக இருக்கிறது என்று ஆலோசகர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் தனியார் கல்லூரிக் கட்டணம், புத்தகம், கணினி எல்லாம் அதில் வரும். அதை முதலில் பயன்படுத்தினால் உங்கள் 36 மாதங்கள் அப்படியே இருக்கும். ஜிஐ பில்லில் ஒரு நாளாவது மிச்சம் இருந்தால், சாப்டர் 31இல் படிக்கும்போதும் மாதப் படியை ஜிஐ பில் விகிதத்தில் கேட்டு வாங்கலாம். அந்த ஒரு நாளைக் கரைத்துவிட்டு வந்தால் கிடைப்பது மிகக் குறைந்த தொகை.

சாப்டர் 31 இல்லாதவர்களுக்கு அந்தக் கடைசி நாள் வேறு வகையில் பயன்படும். செமஸ்டர் நடுவில் மாதங்கள் தீர்ந்துபோனால், அந்தச் செமஸ்டர் முடியும்வரை விஏ நீட்டித்துத் தரும். வகுப்பு தொடங்கும் நாளில் ஒரு நாள் மிச்சம் இருந்தாலும் முழுச் செமஸ்டருக்கும் கட்டணமும் படியும் வரும். உங்கள் சான்றிதழில் உள்ள மாதத்தையும் நாளையும் கல்லூரி நாள்காட்டியோடு வைத்துப் பாருங்கள். கடைசிச் செமஸ்டருக்கு முன்பே தீர்ந்துவிடும் என்று தெரிந்தால், இடையில் ஒரு கோடைகாலப் பாடத்தை ஜிஐ பில்லில் எடுக்காமல் சொந்தக் காசில் கட்டுங்கள். சில நூறு டாலர் செலவில் ஒரு செமஸ்டர் மிஞ்சும்.